சமாதானம் செய்து வைக்கக் கற்றுக்கொள்வோம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ராயகிரி. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில் உள்ளது. மழை பெய்தால் குளம் பெருகும்; குளம் பெருகினால் வயல் விளையும். மதம் எதுவாயினும், சாதி எதுவாயினும், ஒருவரையொருவர் அண்ணாச்சி என்றும், மாமா என்றும், மதினி என்றும் முறை வைத்து அழைத்து வாழும் சீமை இது.

ஆயினும் நமது வட்டாரத்தில் சண்டை எங்கிருந்து பிறக்கிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். மடை திறப்பதில் பிறக்கும். வரப்பு வெட்டுவதில் பிறக்கும். ஊர்வலம் எந்தத் தெரு வழியே செல்வது, ஒலிபெருக்கியை எப்போது நிறுத்துவது, கொடிக்கம்பத்தை எங்கே நடுவது என்பதில் பிறக்கும். பேருந்தில் இரு மாணவர்கள் உரசிக் கொண்டது, பொழுது சாய்வதற்குள் இரண்டு தெருக்களின் சண்டையாகிவிடும். இன்று இவற்றோடு கைப்பேசியில் பறந்து வரும் படமும் குரலும் சேர்ந்து கொண்டன.

சண்டை மூண்ட பின் நடப்பதும் தெரிந்ததே. காவல் துறையினர் வருவர். வட்டாட்சியர் அலுவலகத்திலோ, கோட்டாட்சியர் முன்னிலையிலோ அமைதிக் கூட்டம் கூடும். இருதரப்புப் பெரியவர்களும் கையெழுத்திட்டுக் கலைவர். அக்கூட்டங்களை நாம் குறைகூறவில்லை. அவற்றால் தப்பிய உயிர்கள் பல. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. கையெழுத்திட்ட பிறகு தெருவுக்குத் திரும்பி வந்து, கொதித்து நிற்கும் இளைஞனிடம் பேசத் தெரிந்தவர் எத்தனை பேர்? எப்படிப் பேச வேண்டுமென்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்?

தொழுகையின் பர்ளையும் சுன்னத்தையும் கற்கிறோம். மய்யித்தைக் குளிப்பாட்டக் கற்கிறோம். சமாதானம் செய்து வைப்பது மட்டும் நல்ல மனம் இருந்தால் தானே வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை; அதைக் கற்றவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தாக வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இந்த உரை.

நபிலான வணக்கத்தினும் மேலான பணி

நோன்பையும் தொழுகையையும் தர்மத்தையும் விடச் சிறந்த அந்தஸ்துடைய ஒரு செயலை அறிவிக்கட்டுமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் வினவினார்கள். அது மனிதர்களுக்கிடையே இணக்கம் உண்டாக்குவதே என்று விடையும் பகர்ந்தார்கள். பகையை மூட்டுவது சிரைத்தெடுக்கும் கத்தி போன்றது, அது மார்க்கத்தையே சிரைத்துவிடும் என்னும் கருத்தையும் அதனுடன் சேர்த்துரைத்தார்கள். அபூதர்தா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம் பெற்றுள்ளது. இங்கே குறிப்பிடப்படுவது நபிலான வணக்கங்களையே என்று உலமாக்கள் விளக்கம் தருகின்றனர்.

குபா பகுதியில் வாழ்ந்த பனூ அம்ரு இப்னு அவ்ஃப் கூட்டத்தாரிடையே பூசல் ஏற்பட்டபோது நபிகளார் தாமே புறப்பட்டுச் சென்றார்கள். சமாதானம் பேசிக் கொண்டிருக்கையில் தொழுகை நேரம் வந்துவிட்டது. மதீனாப் பள்ளியில் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் முன்னின்று தொழுவிக்க வேண்டியதாயிற்று. ஜமாஅத்தின் மீது அத்துணைப் பேணுதல் கொண்டிருந்த திருநபியவர்கள், இரு கூட்டத்தாரைச் சேர்த்து வைக்கும் பணியில் நேரம் செல்வதைப் பொறுத்துக் கொண்டார்கள் என்றால், அப்பணியின் மாண்பை என்னென்பது!

இன்னும் ஒன்று சிந்திக்கத் தக்கது. மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் தலைமுறை தலைமுறையாக வெட்டி மடிந்தவர்கள். புஆஸ் போரில் இருபுறத்துத் தலைவர்களும் மாண்டனர். களைத்துப் போன அம்மக்கள் நபிகளாரை வரவேற்றதற்கு ஈமான் ஒரு காரணம் என்றால், தங்களை ஒன்றுசேர்ப்பவர் ஒருவர் வேண்டும் என்ற ஏக்கமும் ஒரு காரணமாகும். இரு குலத்தையும் சேராத ஒருவர் நடுவில் நின்றார்; இரு குலமும் அன்சாரிகள் என்னும் ஒரே பெயர் பெற்றன.

கடையநல்லூர், புளியங்குடி, தென்காசி போன்ற ஊர்களில் நம்மவர் பெருந்தொகையினர். சிற்றூர்கள் பலவற்றிலோ நம்மவர் சிலரே. சிலராக இருக்கும் இடத்தில் இரு சாதியாரின் தகராறில் எந்தப் பக்கமும் சாயாது நடுவில் நிற்க நம்மால் இயலும். சிறுதொகையாக இருப்பதும் அல்லாஹ் நமக்களித்த ஓர் அமானிதமே.

அண்டை நாட்டின் அனுபவம்

இக்கலையைக் கற்றவர்கள் இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு மிக அருகில் உள்ள பாடம் இலங்கை. காயல்பட்டினத்து வணிகரும் கீழக்கரை வணிகரும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்த நாடு அது. அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோரின் வீட்டு மொழி தமிழே. 1983 ஜூலைக் கலவரத்தோடு மூண்ட போர் 2009 மே மாதம் வரை 26 ஆண்டுகள் நீடித்தது.

1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள், காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஷஹீதானோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். வீடிழந்தோர் 70,000 பேருக்கும் மேல் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர்.

2002 பிப்ரவரி 22 அன்று நார்வேயின் அனுசரணையோடு அரசும் புலிகளும் போர் நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். ஏப்ரல் மாதம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கிளிநொச்சியில் சந்தித்து ஓர் உடன்பாடு செய்தனர். உலகமே மகிழ்ந்தது. ஆனால் நடந்தது என்ன? அவ்வாண்டு ஜூன் மாதமே மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. மேலே தலைவர்கள் கைகுலுக்கினர். கீழே சந்தையிலும் மீன்துறையிலும் நிற்பவர்களிடையே அந்த இணக்கம் இறங்கி வரவில்லை.

நம் சீமையிலும் இது போன்றதே. 1995 தொடங்கிச் சில ஆண்டுகள் தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்தபோது, 1997 இல் அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. பெயர்ப்பலகையை ஓர் ஆணையால் மாற்றலாம். மனத்தை மாற்ற ஊரில் ஆள் வேண்டும். 2007 ஆகஸ்ட் 14 இல் தென்காசியில் ஒரே மோதலில் 6 உயிர்கள் போயின. அந்த 6 வீடுகளின் தாய்மார் சிந்திய கண்ணீருக்கு மதம் உண்டா?

இனி, அந்த ஆள் கற்க வேண்டியவை எவை என்று பார்ப்போம்.

முதற் பாடம்: செய்தியைத் தெளிதல்

அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆம் வசனத்தில், நம்பத் தகாதவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரித்துக் கொள்ளும்படி அல்லாஹு தஆலா முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கிறான். பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸகாத் தர மறுத்துக் கொல்ல வருகின்றனர் என்ற தவறான செய்தியையொட்டி இவ்வசனம் இறங்கிற்று என்பர் விரிவுரையாளர்கள். வரவேற்க வந்தவர்கள் தாக்க வந்தவர்களாகச் சொல்லப்பட்டார்கள்! விசாரித்திராவிட்டால் ஒரு குலமே அழிந்திருக்கும்.

2018 பிப்ரவரி 26 அன்று இலங்கையின் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் நடந்ததைக் கேளுங்கள். கறியில் மாவுக் கட்டி ஒன்று கிடந்தது. சிங்களரை மலடாக்கும் மாத்திரை இது என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சூழ்ந்து கொண்டு சிங்களத்தில் கேள்வி கேட்டது. தமிழ் பேசும் அந்தக் கடைக்காரருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. அச்சத்தில் அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் படம் பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசின் பகுப்பாய்வு நிலையம் சோதித்துப் பார்த்து அது வெறும் மாவு என்றது. ஆனால் அதற்குள் கண்டி மாவட்டம் திகனவிலும் கலவரம் பரவி, மார்ச் 6 அன்று நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த உணவகத்தில் இருமொழி தெரிந்த, இருதரப்பும் நம்பும் ஒருவர் அந்த நேரத்தில் நின்றிருந்தால்? செய்தி வந்த பத்து நிமிடத்தில் எதிர்த்தெருப் பெரியவரை அழைத்து, அண்ணாச்சி, இது உண்மையா என்று கேட்கத் தக்க உறவு முன்பே இருக்க வேண்டும். எண் எழுதி வைத்திருந்தால் மட்டும் போதாது. பேசிப் பழகியிருக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: இருபுறமும் கேட்டல்

இளைஞராயிருந்த அலீ (ரலி) அவர்களை நபிகளார் யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது தந்த பயிற்சி என்ன தெரியுமா? முதலாமவர் பேச்சைக் கேட்டது போலவே மற்றவர் பேச்சையும் கேட்காதவரை தீர்ப்புக் கூறாதீர் என்பதுதான். அழுது கொண்டு முதலில் வருபவன் சொல்லும்போது நம் நெஞ்சு அவன் பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்துவதே பயிற்சி.

கணவன் மனைவி பிணக்கில், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக அமைய வேண்டுமென அந்-நிஸா அத்தியாயத்தின் 35 ஆம் வசனம் வழி காட்டுகிறது. இலங்கையில் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் எண் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளின் முறை இதற்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது பாருங்கள்! அங்கே 3 பேர் கொண்ட குழு அமர்கிறது. இருதரப்பாரும் ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுக்க, அவ்விருவரும் தலைவரைத் தேர்கின்றனர். தீர்ப்புக் கூற அவர்களுக்கு அதிகாரமில்லை. இருதரப்பும் தாமாகவே உடன்பாட்டுக்கு வர உதவுவதே அவர்கள் வேலை. ஆசிரியர்களும், ஓய்வு பெற்ற அலுவலர்களும், ஊர்ப் பெரியவர்களும் சம்பளமின்றி இதைச் செய்கின்றனர். பயிற்சி பெற்ற பிறகே அவர்கள் அந்த நாற்காலியில் அமர்கின்றனர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. போர் ஓய்ந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் இச்சபைகள் பரவலாக அமைந்தன.

மூன்றாம் பாடம்: எல்லாரும் பிடிக்க ஒரு விரிப்பு

கஃபாவைப் புதுப்பித்த காலத்தில் ஹஜருல் அஸ்வத் கல்லை எடுத்து வைக்கும் பெருமை யாருக்கு என்பதில் குறைஷிக் குலங்கள் வாளெடுக்கும் நிலைக்கு வந்தன. அப்போது 35 வயதினரான நமது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு துணியை விரித்து அதன் நடுவே கல்லை வைத்தார்கள். ஒவ்வொரு குலத் தலைவரையும் ஒவ்வொரு ஓரத்தைப் பிடிக்கச் செய்தார்கள். உரிய உயரம் வந்ததும் தம் திருக்கரத்தால் கல்லைப் பதித்தார்கள். சண்டை கல்லுக்காக எழுந்ததன்று, மானத்துக்காக எழுந்தது என்பதை உணர்ந்து, எல்லா மானமும் காக்கப்படும் வழியைக் கண்டார்களே, அதுதான் நுட்பம்.

நம் ஊர்த் தகராறுகளிலும் வெளியே தெரிவது மடையும் தெருவும் கம்பமுமாக இருக்கும். உள்ளே இருப்பது என்னை மதிக்கவில்லை என்ற புண். அந்தப் புண்ணைத் தொட்டு ஆற்றத் தெரியாதவர் மடைக்கு ஆயிரம் தீர்ப்புச் சொன்னாலும் நில்லாது.

ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் எதிர்த்தரப்பின் தூதர் சுஹைல், அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை ஒப்பந்தத்தில் எழுத ஒப்பவில்லை. அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபிகளார் தாமே அதை அழித்தார்கள். ஒரு சொல்லை விட்டுக் கொடுத்ததால் உண்மை குறைந்து போயிற்றா? பத்தாண்டு அமைதிக்கான உடன்பாடு கிட்டிற்று. அதன் பின் ஸஹாபாக்கள் மனமொடிந்து எழாமல் அமர்ந்திருந்தபோது, தாங்கள் எவரிடமும் பேசாமல் வெளியே சென்று குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று ஆலோசனை கூறியவர் அன்னை உம்முஸலமா (ரலி) அவர்கள். அண்ணலார் அவ்வாறே செய்தார்கள். அனைவரும் எழுந்து பின்பற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மனநிலையைச் சரியாக அளந்தது ஒரு பெண்ணின் அறிவு! பெண்களை விலக்கிவிட்டுச் சமாதானம் பேசுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். தெருவில் ஆண்கள் முறைத்துக் கொள்ளும் நாட்களிலும் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான்காம் பாடம்: நம்மவர் குற்றத்தையும் சொல்லுதல்

நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் சரியே என்னும் கருத்தில் அல்லாஹ் அந்-நிஸாவின் 135 ஆம் வசனத்தில் ஆணையிடுகிறான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறத் தூண்டலாகாது என அல்-மாயிதாவின் 8 ஆம் வசனத்தில் மேலும் வற்புறுத்துகிறான். சமாதானம் செய்பவருக்கு மிகக் கடினமான பாடம் இது.

காத்தான்குடியை நினைந்து நாம் கண்ணீர் வடிக்கிறோம். வடித்தே ஆக வேண்டும். ஆனால் அதே 1990 ஆகஸ்டில் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினருக்குப் பங்கிருந்ததாக அம்மக்கள் குற்றம் சாட்டுகின்றனர். அந்தத் தாய்மாரின் கண்ணீரைப் பற்றியும் நாம் பேசினால்தான் நம் கண்ணீரை அவர்கள் நம்புவார்கள்.

2019 ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் ஞாயிற்றில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டு சிலர் நடத்திய குண்டுவெடிப்பில் 260 பேருக்கும் மேல் மாண்டனர். அப்போது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபை, அக்கொலைகாரர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், பழி வாங்க எழாதீர்கள் என்று தம் மக்களை வேண்டினார். இருவரும் தத்தம் கூட்டத்தாரை நோக்கியே பேசினர். எதிர்த்தரப்புக்கு உபதேசம் செய்வது எளிது. தன் தரப்பை அடக்குபவரே சமாதானம் செய்பவர். ஆயினும் மே மாத நடுவில் குருநாகல், கம்பகா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பெரியவர்களின் வேண்டுகோள் எட்டாத தெருக்கள் இருந்தன என்பதே இதன் பொருள்.

ஐந்தாம் பாடம்: முன்கூட்டிக் கூடுதல்

நபித்துவத்துக்கு முன்னர், மக்காவில் யமன் நாட்டு வணிகர் ஒருவர் தம் பொருளை விற்றார். வாங்கிய செல்வர் விலை தராமல் ஏமாற்றினார். அதையொட்டி அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் குலத் தலைவர்கள் சிலர் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் ஒன்றாக நிற்போம் என உறுதி பூண்டனர். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அவ்வுடன்படிக்கையில் இளைஞரான நம் நாயகமும் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்றுக் கொள்வேன் என்று பிற்காலத்தில் கூறினார்கள். முஸ்லிமல்லாதாருடன் நன்மைக்காகக் கூடலாமா என்று ஐயுறுவோருக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமா?

இலங்கையில் அரசும் அல்லாத, படையும் அல்லாத மக்கள் அமைப்புகள் பல இப்பணியில் இறங்கின. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வூர் அமைதிக் குழுவில் பணியாற்றிய யேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற் போனார். காத்தான்குடிக் கொடுமை நடந்து பன்னிரண்டே நாட்கள் ஆகியிருந்தன. வெளியே இறங்கவே எவரும் அஞ்சிய சாலை அது. அவர்களால் படுகொலைகளைத் தடுக்க முடியவில்லை என்பது உண்மையே. ஆனால் பிள்ளையைத் தேடி அலைந்த தாய்க்கு முகாம் வாசல் வரை கூடச் செல்ல ஒருவர் இருந்தார் என்பதும் உண்மை. சமாதானம் செய்பவனுக்கு இருபுறமும் எதிரிகள் உண்டு, கூலி அல்லாஹ்விடம்.

1995 இல் தோன்றிய தேசிய சமாதானப் பேரவை, மாவட்டந்தோறும் பிக்கு, குருக்கள், பாதிரியார், மௌலவி ஆகியோரையும் பொதுமக்களையும் ஒரே குழுவில் அமர்த்தித் தொடர்ந்து பயிற்சி அளித்து வந்துள்ளது. குமார் ரூபசிங்க நிறுவிய அமைப்பு, கிழக்கு மாகாணத்துச் சிற்றூர்களில் தொண்டர்களைப் பழக்கி, பூசலின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டறியும் முறையை நடத்திற்று. வதந்தி பரவுகிறதா, சந்தைக்கு ஒரு தரப்பார் வராமல் நின்றுவிட்டனரா, சுவரொட்டி புதிதாக முளைத்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். புகையைக் கண்டதும் குடத்தோடு ஓடுவதற்கு ஒப்பான முறை இது.

ஓர் எச்சரிக்கை

சமாதானம் என்ற பெயரில் அநீதியை மூடி மறைப்பதை மார்க்கம் ஒப்பாது. ஹராமை ஹலாலாக்கும், ஹலாலை ஹராமாக்கும் சமாதானம் செல்லாது என்பது நபிமொழியின் கருத்து. கொலை, பாலியல் கொடுமை, தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமை ஆகியவற்றைப் பேசி முடிக்க எவருக்கும் உரிமையில்லை. அவை நீதிமன்றத்துக்கு உரியவை. அபராதம் விதிப்பதும், ஊர்விலக்கு வைப்பதும், ஏழையை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதும் கட்டப் பஞ்சாயத்து. அது சட்டவிரோதம் என்று 2011 இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கூறியுள்ளது. நாம் சொல்லும் பணிக்கு அதிகாரம் கிடையாது. நம்பிக்கை ஒன்றே அதன் முதல்.

நாம் செய்ய வேண்டுவது

சகோதரர்களே! பெரிய திட்டங்கள் வேண்டா. இவை போதும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பொறுமையும் நாவடக்கமும் உடைய நால்வரை ஜமாஅத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களில் ஒருவர் இளைஞராகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். செல்வமும் குரலும் இங்கே தகுதியாகா. பிறர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்பவரே தகுதியுடையவர்.

அந்நால்வரும் ஊரிலுள்ள மற்ற சமுதாயத்தாரின் பெரியவர்களோடு மாதம் ஒரு முறையாவது அமரட்டும். சண்டை இல்லாத மாதத்திலும் அமரட்டும். அப்போதுதான் சண்டை வரும் மாதத்தில் கதவு திறக்கும். கோயில் கொடை, கந்தூரி, பெருநாள், தேர்தல் ஆகியவை வருமுன்பே தெருவும் நேரமும் பேசி முடிக்கப்படட்டும்.

அவர்கள் முறையாகப் பயிற்சி பெறட்டும். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால் மக்கள் நீதிமன்றம், சமரசம் பற்றிய விளக்கம் கிடைக்கும். 2023 இல் நம் பாராளுமன்றம் இயற்றிய மத்தியஸ்தச் சட்டத்தில், ஒரு வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கக் கூடிய தகராறுகளை இருதரப்பின் சம்மதத்தோடு 3 பேர் குழு பேசித் தீர்க்கும் சமூக மத்தியஸ்தம் என்ற பகுதியே உண்டு. உலமாப் பெருமக்கள் மதரஸாக்களில் ஸுல்ஹின் பாடத்தை ஏட்டில் ஓதிக் கொடுப்பதோடு நில்லாமல், மாணவர் இருவரை எதிரெதிரே அமர்த்திப் பேசவும் கேட்கவும் பழக்கட்டும்.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்குக் கடன்பட்டவரோடு பள்ளிக்குள் குரல் உயர்த்தியபோது, நபிகளார் வீட்டுத் திரையை விலக்கிப் பார்த்தார்கள். பாதியை விட்டுக் கொடுக்கும்படி கையால் சைகை செய்தார்கள். கஅப் உடனே இசைந்தார். அண்ணலார் மற்றவரைப் பார்த்து, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். நீண்ட பேச்சில்லை, ஒரு சைகை, ஒரு சொல். ஒருவர் விட்டுக் கொடுத்த அதே கணத்தில் மற்றவர் கடமையை நிறைவேற்றுமாறு செய்ததால் எவருக்கும் கசப்பு மிஞ்சவில்லை. இத்தகைய சைகைக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் சைகை செய்பவர் நாள்தோறும் நேர்மையாக வாழ்ந்திருக்க வேண்டும். பயிற்சியின் தொடக்கமும் அங்கேதான், முடிவும் அங்கேதான்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை இணைத்து வைப்பாயாக! எங்கள் நாவுகளைப் பொய்ச் செய்தியிலிருந்து காப்பாயாக! எங்கள் ஊர்களிலும் கடலுக்கு அப்பாலுள்ள சகோதரர்களின் ஊர்களிலும் அச்சமற்ற வாழ்வை அருள்வாயாக! பிரிந்தோரைச் சேர்த்து வைக்கும் அறிவையும் பொறுமையையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.